பொருள் வரைதலும் ஒரு பீங்கான் கோப்பையும்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் பொருள் வரைதல் செல்வர்க்கு மட்டுமே உரியது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். இல்லாதவர் எதனை வரையறுப்பது? பாலுக்கும் மருந்துக்கும் போக ஓய்வூதியத்தில் எஞ்சுவதை எண்ணிப் பார்க்கும் யானும் நெடுங்காலம் அவ்வாறே கருதியிருந்தேன்.

யான் வாழும் விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். அத்தொழில் நுட்பத்தைக் கற்பிப்பதற்கென்றே அரசு நிறுவனம் ஒன்று இங்குண்டு. வெண்களிமண் கிடைக்கும் நெய்வேலியும் அருகில்தான். சிறு சூளைகளிலிருந்து பொம்மைகளும் பியூஸ் கேரியர்களும் வெந்து வெளிவருவதை நாளும் காண்கின்றோம். எனினும் என் மனம் சென்றது, 1990-களில் சென்னையில் உறவினர் இல்லத்தில் கண்ட 'போன் சைனா' தேநீர்க் கோப்பைகளின்மீது. பொன் விளிம்பு, ஒளிக்கு எதிரே பிடித்தால் விரலின் நிழல் தெரியும் மென்மை. எங்கள் வீட்டிலோ எவர்சில்வர் தம்ளர்தான். அவற்றை வாங்கச் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்தேன். அவ்வாண்டு என் மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டாள். இல்லையென்று கூறிவிட்டேன். அஞ்சறைப்பெட்டியில் பணம் இருந்தது.

பின்னர், இங்குப் பீங்கான் தொழில் பயின்ற என் பழைய மாணவர் ஒருவர் உண்மையை விளக்கினார். அக்கலவையில் ஏறத்தாழப் பாதி, கால்நடைகளின் எலும்பைச் சுட்டெடுத்த சாம்பலாம்! 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போடு என்பார் செம்மைப்படுத்திய முறை அது. கேட்டதும் என் உள்ளத்தில் அருவருப்பைவிட நிம்மதியே மிகுந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அகிம்சையின் பொருட்டு ஆசையைத் துறந்துவிட்டேன் என்று பலரிடம் பெருமையாகவும் கூறினேன்.

சில ஆண்டுகள் சென்றன. எலும்புச் சாம்பல் கலவாத, அதே மென்மையுடைய கோப்பைகளை ஒரு கடையில் கண்டேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அங்ஙனமாயின் யான் துறந்ததுதான் யாது?

1717ஆம் ஆண்டில் சாக்சனி நாட்டு மன்னர் அகஸ்டஸ், 151 சீனப் பீங்கான் கலங்களைப் பெறும்பொருட்டுத் தம் குதிரைப்படை வீரர் 600 பேரைப் பிரஷ்ய மன்னருக்குக் கொடுத்தார். வகுப்பில் இதனைக் கூறினால் பிள்ளைகள் நகைப்பர். எனக்கு நகைப்பு வரவில்லை. அவர் கலத்துக்கு விலை கொடுத்தவர்கள் அவ்வீரர்கள். என் கோப்பைக்கு விலை கொடுத்தவள் என் மகள். யானோ அதனை வாங்கவும் இல்லை.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் பரிக்கிரகத்தைப் பொருளைக்கொண்டு அளவாமல் பற்றைக்கொண்டே அளக்கின்றார். வெறுங்கையும் அங்ஙனம் நிறைந்திருக்கக்கூடும். சமந்தபத்திரர் இன்னும் நுட்பமாக, இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் இவ்விரதத்துக்குரிய அதிசாரங்கள் ஐந்தனுள் வியப்பையும் ஒன்றாக வைத்துள்ளார். பிறர் செல்வத்தைக் கண்டு மலைத்து நிற்றல் என்பது அதன் பொருள். பொருளே இல்லாதவர்க்கும் எளிதில் வாய்க்கும் குற்றம் இஃதொன்றே எனத் தோன்றுகின்றது.

சென்ற தசலட்சண பர்வத்தில் ஒரு குறிப்பேட்டில் என் அளவுகளை எழுதத் தொடங்கினேன். புடவை 12. தம்ளர் 6. கோப்பை என எழுதி, அதன் எதிரே எண் எதுவும் இடாமல் வைத்திருக்கின்றேன்.