இன்னாசெய்யாமையும் கடற்பறவைகளும்

கொல்லாமை விரதம் பூண்ட ஒருவர், பறவையைக் கொல்லாது, உண்ணாது, கூட்டில் அடையாது, அதன் வடிவத்தை மாத்திரம் கமெராவிற் பிடித்துச் செல்வாராயின், அவர்பாற் குற்றம் யாதேனும் உண்டோ? இல்லை என்று எளிதிற் சொல்லிவிடலாம். ஆயினும், மாணாக்கரை விடியற்காலையிற் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவை காட்டும் ஆசிரியரும் உளராதலின், இவ்வினாவை நாம் சிறிது ஆராய்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை பெருமலைகள் உடையதன்று. கீரிமலை, காங்கேசன்துறைப் பகுதிகளில் அலை அரித்த தாழ்ந்த சுண்ணக்கற் பாறைகளே கடலின் விளிம்பாய் நிற்கின்றன. மாரிகாலத்திற் கடற்காகங்களும் ஆலாக்களும் குடாநாட்டுக் கரைகளில் வந்து தங்கும். பழுப்புத்தலைக் கடற்காகம் இமயத்திற்கு அப்பால், திபெத்து முதலிய மேட்டுநிலத்து ஏரிகளிற் குஞ்சு பொரிப்பது. அது மீண்டு செல்லும் நெடுவழிக்கு வேண்டிய கொழுப்பை இங்கே இரை தேடி உடலிற் சேர்க்கின்றது.

பாறைமேல் அமர்ந்திருக்கும் கூட்டத்தை, பறக்கும் தோற்றம் படத்தில் அழகாய் விழவேண்டும் என்று ஒரு மாணாக்கன் கல்லெறிந்து எழுப்புகின்றான் என்க. கல் ஒன்றின்மேலும் படவில்லை. படமும் நன்றாய் அமைந்தது. பறவைகளோ, வீணே எழுந்த ஒவ்வொரு முறையும், வழிக்கென்று சேர்த்ததிற் சிறிது இழந்தன. முட்டையிடுங் காலத்திற் கேடு இன்னும் பெரிது. தலைமன்னாருக்கு அப்பாற் சேதுவின் மணற்றிட்டுகளில், ஆலாக்கள் வெறுமணலிற் சிறு குழி செய்து முட்டையிடும். தாய் அஞ்சி எழுந்து, மீளத் தாழ்க்குமாயின், முட்டையிலுள்ள உயிர் வெயிலால் அழியும். எழுப்பியவன் கொல்லுங் கருத்துடையனல்லன். ஆயினும் அவ்வுயிர் மாண்டது.

“பருந்தும் நாயும் எழுப்பவில்லையோ?” எனின், அவை பசியால் எழுப்புகின்றன; விதிவிலக்கு அறியும் அறிவு அவற்றிற்கில்லை. நமக்கு அவ்வறிவு உண்டு, அப்பசி இல்லை. திருவள்ளுவர் இன்னாசெய்யாமையை 32ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் வைத்தார். இரண்டும் ஒன்றேயாயின் ஓரதிகாரம் அமையும். ஊனுண்ணாமை ஒன்றினாலே சைவவொழுக்கம் நிரம்பிற்று என்று மகிழ்வார் இவ்வைப்புமுறையைச் சிந்தித்தல் நன்று.

“அங்ஙனமாயின், பாராதிருத்தலே தக்கதன்றோ?” எனின், அன்று. காணாத உயிரிடத்து அன்பு செல்லுதல் அரிது. குடாநாட்டின் தென்கிழக்கிலுள்ள சுண்டிக்குளம் 1938இற் சரணாலயமாகவும், 2015இல் தேசியப் பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. பறவைகளைக் கண்டு மதிப்பார் இல்லாத நாட்டில் இத்தகைய காவல் உண்டாகாது. ஆதலின், காண்க, தூரத்தே நின்று காண்க. பறவை இரை தேடுதலை விட்டுத் தலைநிமிர்ந்து நம்மை நோக்குமாயின், நாம் அளவுகடந்து அணுகினோம் என்று அறிந்து பின்வாங்குக. படம் சிறிதாய் விழினும் விழுக.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். கலைத்துப் பார்ப்பவன் பறவையின் அச்சத்தையே கண்டு திரும்புகின்றான். அசையாது நிற்பவனுக்கு அதன் அமைதியும் உரியதாகின்றது. படம் எத்தனை என்று மாணாக்கனை வினவுமுன், உன்னால் அஞ்சி எழுந்த பறவை எத்தனை என்று வினவுதல் சைவ ஆசிரியர்க்குக் கடனாம்.