போல்ட்டில் நின்ற கூரை

பழைய கார் ஆசைக்காரர்கள் இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, சென்னையில் 1961 முதல் தயாரான வண்டி. 948 சிசி எஞ்சின், நடுத்தரக் குடும்பத்துக்கானது. அதன் பக்கத்தில் இன்றைய பிஎம்டபிள்யூ இசட்4-ஐ நிறுத்துங்கள். 2,998 சிசி, 340 குதிரைத்திறன். பட்டனை அழுத்தினால் துணிக்கூரை 10 விநாடியில் மடங்கிவிடும். எண்களை வைத்துப் பார்த்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. கூரையை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் கதை வேறு.

ஹெரால்டின் மூலம் இங்கிலாந்தின் டிரையம்ப். 1950-களில் அந்தக் கம்பெனிக்கு பாடி அடித்துக் கொடுத்த பட்டறையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடியையும் ஒரே கூடாக அடித்துத்தர ஆளில்லை. வேறு வழியின்றித் தனியாக ஒரு சேஸிஸ் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாகத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் அப்படித்தான். அதைக் கழற்றினாலும் வண்டி வளையாது, பாரத்தைச் சேஸிஸ் தாங்கிக்கொள்ளும். அதனால் இங்கிலாந்தில் திறந்த ஹெரால்டும் எளிதாக வந்தது. நம்மூருக்கு அது வரவில்லை; நாம் கேட்டது நான்கு கதவு, அதைச் செய்தார்கள்.

இசட்4-க்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. ஒரே கூடான பாடியில் கூரையும் ஒரு தூண் மாதிரி. அது இல்லாத இடத்தில் அடித்தளத்தில் கூடுதல் எஃகு வைத்து இறுக்க வேண்டும். இரண்டே பேர் உட்காரும் வண்டி ஒன்றரை டன்னைத் தொடுவதில் இதற்கும் பங்குண்டு.

இரண்டு வண்டிகளோடும் மதுரை கீழமாசி வீதிக்கு வாருங்கள். ஒருபுறம் மூட்டை இறக்கும் வண்டி, மறுபுறம் ஷேர் ஆட்டோ. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ஹெரால்டு ஏழரை மீட்டர் வட்டத்தில் திரும்பிவிடும். இசட்4-க்கு 11 மீட்டர் வேண்டும், ரிவர்ஸ் எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குள் பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிடும்.

ஹெரால்டு வழியில் நின்றால், பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு கொக்கிகளை விடுவித்து, மட்கார்டோடு சேர்ந்த மொத்த மூக்கையும் முன்பக்கம் கவிழ்க்கலாம். மெக்கானிக் முன் டயர்மேல் உட்கார்ந்து, முழங்கால் உயரத்தில் கார்புரேட்டரைக் கழற்றுவார். இசட்4-இன் கோளாறை முதலில் கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும்.

நத்தம் சாலை மேம்பாலத்தின் 7.3 கிலோமீட்டரில் ஹெரால்டு போட்டிக்கே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சித்திரை மதியம் அங்கே கூரையைத் திறந்து போவாரா யாராவது? மூடி, ஏசி போட்டுத்தான் போவார்கள். ஹெரால்டில் ஏசி இல்லை. முன் ஜன்னலில் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. அதை உள்பக்கமாகத் திருப்பி வைத்தால், வயல்காற்றோ அனல்காற்றோ, நேராக நெஞ்சில் வந்து அடிக்கும்.