கூடையின் பாரம்
தேயிலை விளம்பர ஓவியங்களும் சுவைஞனின் பொறுப்பும்

அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தைத் தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டு விலைக்கு வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ச் சாடிக்கு என்னும் பொருள்பட அமைந்த விளம்பர வாசகம் அவருடைய வணிகத்தின் அடையாளமாயிற்று. தோட்டத்துக்கும் சாடிக்கும் இடையே வேறெவரும் இலர் என்பதே அவ்வாசகத்தின் உட்கிடை. ஆயினும் அதனை நம்பச் செய்தற்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது. முதுகிற் கூடையும் கையிற் கொழுந்துமாக நிற்கும் பெண் தகரப் பேணிகளிலும் பத்திரிகை விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் இடம்பெற்றது இவ்வாறுதான். 1932இல் தோன்றிய இலங்கைத் தேயிலைப் பிரசார சபையும், இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா ஆகியவற்றின் உற்பத்தியாளர் 1935இல் ஒன்றுகூடி அமைத்த சர்வதேசத் தேயிலைச் சந்தை விரிவாக்கச் சபையும் தேயிலை விளம்பரத்தைப் பெருந்தொழிலாகவே வளர்த்தன.

அவ்விளம்பரங்கள் விற்க முயன்ற தேயிலை என்றோ குடித்து முடிந்துவிட்டது, படங்கள் எஞ்சியுள்ளன. இன்று அவை அரும்பொருளகங்களிற் பேணப்படுகின்றன, ஏலக்கூடங்களில் விலைபோகின்றன. அவற்றைப் போற்றுவோர் கூறும் காரணங்கள் பொய்யல்ல. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனித் தகடு தேவைப்பட்ட கல்லச்சு முறையில், சில நிறங்களுக்குள்ளேயே மலையையும் பனியையும் வெயிலையும் காட்டவேண்டிய கட்டாயம் ஓவியனுக்கு இருந்தது. அக்கட்டாயமே கோட்டுக்குச் சிக்கனத்தையும் வண்ணத்துக்குத் துணிவையும் அளித்தது. தெருவில் விரைந்து செல்பவனை ஒரு கணம் நிறுத்தும் ஆற்றல் எளிதில் வாய்ப்பதன்று. எனினும், லயத்து வாழ்வை அறிந்த ஒருவர் இப்படங்களைக் கண்டு மனநிறைவுடன் மகிழ்தல் தகுமா என்னும் வினா எழுவது இயல்பே.

இவ்வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. விளம்பரம் உண்மை கூற வந்ததன்று. அதனைக் கோட்டாலும் வண்ணத்தாலுமே அளத்தல் வேண்டும் என்பது ஒன்று. சுரண்டலுக்கு அழகு பூசிய படத்தில் கலை தேடுவதே பிழை என்பது மற்றொன்று. எதிரெதிரானவை போலத் தோன்றினும், அழகும் அறமும் வெவ்வேறு அறைகளில் வாழ்கின்றன என்னும் எண்ணத்தில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. படத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கின் இவ்வெண்ணம் நிலைபெறாது.

கொழுந்துக் கூடையை எடுத்துக்கொள்வோம். அதன் கயிறு தலையிலே தாங்கப்படுவது. கயிறு அழுத்தும் இடத்தில் துணியை மடித்து வைப்பர். கூடை நிறைய நிறையக் கழுத்து முன்னோக்கித் தாழும், முதுகு வளையும், சரிவிலே ஒரு கால் தாழவும் மறுகால் உயரவும் நிற்கும். மழைக்குக் கம்பளியும், இடுப்பிலே செடி கிழிக்காதிருக்கப் படங்கும் உண்டு. விளம்பரப் பெண்களுட் பெரும்பாலார் நிமிர்ந்த கழுத்தினர், புன்னகைப்போர். அவர்தம் கூடைகளுக்கு நிறையே இல்லை. ஓவியர் மலைநாட்டைக் கண்டிலர் எனச் சமாதானம் கூறலாம். ஆனால் பாரத்தை வரைவதற்கு மலைநாட்டைக் காணவேண்டியதில்லை. இலண்டன் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டி சுமந்தவனைக் கண்டிருந்தாலே போதும். பாரமற்ற கூடை அறக்குறை மட்டுமன்று, சித்திரக்குறையும் ஆகும். மறைக்கவேண்டியது எதுவோ அதனை மறைத்த இடத்திலேயே கோடு தளர்ந்துவிடுகின்றது. எனவே, ஓவியத்தை ஓவியமாக மட்டும் நோக்குவோம் என்பவரும் அக்கழுத்தைப் பற்றிப் பேசாதிருத்தல் இயலாது.

இக்குறை கூலிக்கு வரையும் கலைக்கே உரிய குறை என்று கொள்ளுதலும் பொருந்தாது. மக்டொனால்ட் கில் என்னும் ஆங்கிலேய ஓவியரின் வாழ்வு இதற்குச் சான்று. தேநீர் உலகுக்குப் புத்துயிர் அளிக்கின்றது என்னும் பொருள் கொண்ட தலைப்புடன் மாபெரும் உலகப்படம் ஒன்றை 1940இல் தேயிலை விளம்பரத்துக்காக அவர் வரைந்தார். கண் சலிக்காத வேலைப்பாடுடையது அது. அதே ஆண்டில் மலைநாட்டுத் தோட்டங்களை வேலைநிறுத்த அலை உலுக்கியது. சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்குப் பலியானார். மே மாதத்தில் ஊவாவின் வெவெஸ்ஸ தோட்டத்துத் தொழிலாளர் தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்துகொண்டனர். புத்துயிர் பெற்ற உலகின் படத்தில் இவற்றுக்கு இடமில்லை. ஆனால் முதலாம் உலகப்போரில் மடிந்த பிரித்தானியப் பேரரசுப் படையினரின் கல்லறைக் கற்களுக்கு எழுத்துருவம் அமைத்தவரும் இதே கில்தான். அக்கற்களில் அதிகாரிக்கும் சாதாரண வீரனுக்கும் ஒரே எழுத்து, ஒரே அளவு. அதுவும் கூலிக்குச் செய்த பணியே. இறந்த வீரனுக்குப் பெயர் வேண்டும் எனக் கேட்டவர் இருந்தனர். கொழுந்து பறிப்பவளுக்குப் பெயர் வேண்டும் என ஓவியரிடம் எவரும் கேட்டிலர்.

கேட்பவர் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்றும் நம்புதற்கில்லை. இந்தியா விடுதலை பெற்ற 1947இல் அன்னதா முன்ஷி வரைந்த சுவரொட்டி தேநீரை முழுச் சுதேசிப் பொருளாக அறிவித்தது. கோப்பையுடனும் இராட்டையுடனும் அதில் அமர்ந்திருக்கும் பெண் கம்பீரமானவள்; முன்ஷியின் கைத்திறனும் குறைவற்றது. (சத்தியஜித் ராய் விளம்பரத் தொழிலில் நுழைந்தபோது அவருக்கு முன்னோடியாக அந்நிறுவனத்தில் இருந்தவர் முன்ஷி.) ஆயினும் மதிப்புப் பெற்றவள் தேநீர் அருந்துபவளே. பறிப்பவள் படத்திலேயே இல்லை.

இலங்கையிலோ அவள் படத்தில் நிலைத்திருந்தாள், நாட்டில் நிலைபெறவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இலட்சக் கணக்கில் இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு வழி செய்த சட்டம் 2003இலேதான் வந்தது. அவ்வளவு காலமும் இலங்கைத் தேயிலையின் முகமாக அயல்நாட்டுக் கடைகளில் நின்றது அவளது முகமே.

தோட்டத்து வழக்கில் ஒருநாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்று பெயர். உரிய நிறை கொழுந்து கொண்டுவராதவளுக்கு அரைப்பேர். ஓவியனின் கையொப்பம் படத்தின் மூலையில் இருந்தால் இன்று அதன் விலை ஏறுகின்றது. மறக்கப்பட்ட விளம்பர ஓவியரின் பெயர்களைத் தேடி மீட்டல் நன்முயற்சி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே படத்திலுள்ள பெண்ணின் பெயரை எந்தச் சேகரிப்பாளரும் தேடுவதில்லை. அவளுக்குப் பெயர் போடப்பட்ட இடம் செக்ரோல் ஒன்றே.

அவளது லயத்துச் சுவரிலும் படங்கள் இருந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜூவும் அவர்தம் மாணாக்கரும் வரைந்து, சிவகாசியில் அச்சான முருகனும் இலட்சுமியும் நாட்காட்டிகளாகத் தமிழர் வாழ்ந்த இடமெங்கும் பரவியிருந்தனர். அவையும் விளம்பரங்களே, கீழே கடைக்காரரின் பெயர் பொறித்திருக்கும். ஆண்டு முடிந்ததும் தேதித் தாள்களைக் கிழித்து அடுப்பிலிட்டுவிட்டுப் படத்தை மட்டும் சுவரிலே ஒட்டிவைப்பர்.