தொடாத வாத்தியார்

2020இல் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த மாதங்களில் எங்கள் காலனியில் ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்துக் கல்வித் தொலைக்காட்சி பார்க்க வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் கொடுத்த வேலையில்லை, நானாக இழுத்துப்போட்டுக்கொண்டது. 2006இல் ஆரம்பித்த இலவசக் கலர் டி.வி. திட்டத்தில் வந்த பெட்டிகளில் எங்கள் தெருவில் அப்போது உசுரோடு இருந்தவை மூன்று. அதில் ஒன்றுக்குத்தான் கேபிள். அந்தக் காசை நாலு வீடு பங்கு போட்டுக் கட்டினோம். ஒருநாள் கணக்குப் பாடம் முடிந்ததும் ஏழாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி சொன்னாள்: “இந்த டீச்சர் நல்லவங்கக்கா. எந்தத் தெருன்னு கேக்கவே இல்ல.”

மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டன. நானும் சிரித்தேன். ராத்திரி படுத்த பிறகு அது சிரிக்கிற பேச்சாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் புதுசாக ஒரு வாத்தியார் வந்தால் முதல் கேள்வி பேர், இரண்டாவது கேள்வி எந்தத் தெரு. அதற்குப் பதில் வந்துவிட்டால் மூன்றாவது கேள்விக்கு அவசியமில்லை. இது நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடிக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. அதனால்தான் கேட்காத ஒருத்தர் நல்லவராகிவிட்டார். சரி, சாதி கேட்காத கருவி நம்மைச் சமமாக நடத்துகிற கருவியா? இதை எளிதாக ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் தள்ள முடியவில்லை.

நான் படித்த ஒன்றியப் பள்ளிக்கும் ஒரு டி.வி. வந்தது. 1986 கல்விக் கொள்கைக்குப் பிறகு ஆரம்பப் பள்ளிகளுக்கு ரேடியோ-கேசட் பெட்டி, நடுநிலைப் பள்ளிகளுக்குக் கலர் டி.வி. என்று மத்திய அரசு திட்டம் போட்டுக் கொடுத்துவந்த காலத்தின் வால்பகுதி அது. தலைமையாசிரியர் அறையில் பீரோவுக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி மூடி இருந்தது. அந்த அறையைக் கூட்டுகிற முறை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு. ஆகவே பள்ளிக்கூடத்திலேயே அந்த டி.வி.யை அதிகம் கிட்டத்தில் பார்த்தவர்கள் நாங்கள்தான். ஓடாத டி.வி.யை. கிரிக்கெட் நடக்கிற நாளில் ஓடும், அப்போது கதவு சாத்தியிருக்கும்.

ஒரே ஒரு நாள் எங்களுக்காக ஓடியது. மேலதிகாரி வருகிறார் என்று பேச்சு. ஐந்தாம் வகுப்பு அறைக்குள் பெட்டியைத் தூக்கிவந்து, ஜன்னல் கதவுகளையெல்லாம் சாத்தி, வீடியோ கேசட் போட்டார்கள். ஊர்ப்பிள்ளைகள் முன்னால், நாங்கள் கடைசியில். பட்டாம்பூச்சி எப்படி உண்டாகிறது என்று படம். புழு இலையைத் தின்றது, கூடு கட்டியது, கூடு வெடித்தது. அந்த இருட்டில் நான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முன்வரிசைக்கே போய்விட்டேன். யாரும் பார்க்கவில்லை. பாடம் படித்ததில் இவ்வளவு சந்தோசம் அதற்கு முன்னும் எனக்கில்லை, பின்னும் ரொம்ப காலம் இல்லை. படம் முடிந்து ஜன்னலைத் திறந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்னைப் பார்த்தது, தன் பாவாடையை ஒதுக்கிக்கொண்டது.

கருவி செய்தது அவ்வளவுதான். இருபது நிமிச இருட்டு. அது பொய்யில்லை, ஆனால் ஜன்னல் திறக்கிற வரைக்கும்தான்.

கற்பிக்கும் கருவிகளில் மூத்தது கரும்பலகை. அதற்கும் ஒரு கதை உண்டு. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்த அம்பேத்கரைக் கணக்குப் போட ஆசிரியர் பலகைக்குக் கூப்பிட்டார். வகுப்பே கூச்சல் போட்டது. பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. ஓடிப்போய் டப்பாக்களை எடுத்த பிறகுதான் அவரால் பலகையைத் தொட முடிந்தது. தனஞ்சய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. பலகைக்குச் சாதி கிடையாது, சாக்கட்டிக்கும் கிடையாது. கூப்பிட்ட ஆசிரியரும் அன்று நல்லவர்தான். எந்தக் கருவி வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதற்குப் பின்னால் யாருடைய டப்பா இருக்கிறது?

1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி 6 மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். ‘சைட்’ என்று பேர். தமிழ்நாடு அதில் இல்லை. கோழிவலைக் கம்பியில் செய்த குடை ஆன்டெனா, காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஊருக்கு இரண்டரை மணி நேரம். பெட்டி வைத்தது பொது இடத்தில். பொது என்கிற சொல் நமக்குப் பழக்கமான சொல். மகத் நகராட்சி சவதார் குளத்தைப் பொதுவென்று 1924இலேயே திறந்துவிட்டது, காகிதத்தில். ஒருவாய்த் தண்ணீர் குடிக்க 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரோடு ஊர்வலம் போகவேண்டியிருந்தது, திரும்பும்போது அடியும் வாங்கவேண்டியிருந்தது. எங்கள் பஞ்சாயத்து டி.வி. ரூமும் பொதுதான். கோயிலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். எங்க அப்பா தெருவில் நின்று ஜன்னல் வழியாகத்தான் அதில் செய்தி கேட்பார். உள்ளே வராதே என்று யாரும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவை வரவில்லை.

ஒரு நல்ல முயற்சியையும் சொல்லவேண்டும். அதே 1975இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில், பிஜ் என்கிற ஊரில் சின்னதாக ஒரு ஒளிபரப்பி போட்டு, அந்த மாவட்டத்து மக்களை வைத்து, அவர்கள் பேசுகிற மொழியில் நிகழ்ச்சி செய்தார்கள். கூலி, சுரண்டல், தீண்டாமை எல்லாம் நாடகமாக வந்தன. 1984இல் யுனெஸ்கோ பரிசுகூடக் கிடைத்தது. ஆனால் நாடெங்கும் பரவியது அந்த மாதிரி இல்லை. டில்லியில் செய்து எல்லோருக்கும் ஊற்றுகிற மாதிரிதான் பரவியது. 1984 ஆகஸ்ட் 15இல் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கிய நாடு தழுவிய வகுப்பறை ஆங்கிலத்தில் பேசியது. கல்லூரி வாசலை மிதிக்காத ஊரில் கல்லூரிப் பாடம், புரியாத மொழியில். அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை.

அதைவிட என்னைத் தூங்கவிடாதது ஒரு பெயர். 2000 ஜனவரி 26இல் ஞான தர்ஷன் சேனல் வந்தது. மூன்று வருடம் கழித்து, 2003 ஜனவரி 26இல், அதே வரிசையில் ஐ.ஐ.டி. பாடங்களை ஒளிபரப்பத் தனிச் சேனல் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ‘ஏகலவ்யா’.

பெருமையாகத்தான் வைத்திருப்பார்கள். குரு இல்லாமலே கற்றுக்கொண்டவன், தூரத்திலிருந்து படிக்கிற எல்லோருக்கும் முன்னோடி என்று. கதையைக் கொஞ்சம் மேலே படித்திருக்கலாம். வேட்டுவ மகன் ஏன் மண்பொம்மை செய்தான்? உயிரோடிருந்த குரு சேர்த்துக்கொள்ளவில்லை. உள்ளே இடம் கொடுக்காதவர்கள் வெளியே ஒரு பொம்மையை நட்டுவிட்டு, அதற்கு வெளியே நின்றவனுடைய பெயரையே வைக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? பாடத்தை எடுத்துக்கோ, பெஞ்சைக் கேட்காதே என்றுதானே.

பொம்மை நல்ல வாத்தியார். அது சாதி கேட்கவில்லை. அதன் முன்னால் நின்று அவன் அருச்சுனனை மிஞ்சுகிற அளவுக்குக் கற்றான். உயிருள்ள குரு வந்து கட்டைவிரலைக் கேட்டபோது அதே பொம்மை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சாதி பார்க்காத கண் அறுக்கிற கத்தியையும் பார்க்காது.

நம் தோழர்களில் சிலர் இதைக் கேட்டதும், அப்படியானால் பெட்டியை உடை, நேரடிக் கல்விதான் புரட்சி என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு நல்ல வாத்தியார் வாய்த்திருக்கும். வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி ஸ்காலர்ஷிப் பேரைச் சத்தமாக வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படி வளர்ந்த பிள்ளைக்குப் பார்க்காத டீச்சர் பெரிய ஆறுதல். அந்த ஆறுதலைப் பறிக்க எனக்கு உரிமை இல்லை. தொடாதே என்று சொன்னவனிடமிருந்து, யாரையுமே தொட முடியாத ஒன்றிடம் ஓடுவது தப்பென்று யார் சொல்வது?

ஆனால் ஓடிப்போய்ச் சேருகிற இடமும் இலவசமில்லை. 2020 ஜூன் 1 அன்று கேரளத்தில் விக்டர்ஸ் சேனலில் பள்ளி வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மலப்புறம் மாவட்டத்தில் ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். வீட்டு டி.வி. பழுதாகிக் கிடந்தது, ஸ்மார்ட்போன் இல்லை. தகப்பன் கூலித் தொழிலாளி. இந்தியாவிலேயே படிப்பில் முதல் மாநிலம் என்கிறோம். அந்த டி.வி. டீச்சரும் அவளிடம் சாதி கேட்கவில்லை. வந்தாயா என்றும் கேட்கவில்லை. உயிருள்ள வாத்தியார் வருகைப்பதிவில் பேரைக் கூப்பிடும்போது, வெறுப்போடு கூப்பிட்டாலும், காலியாக இருக்கிற இடம் தெரிந்துவிடும்.

எங்கள் கூடத்துக்கு வருகிறேன். கணக்கு டீச்சர் தசமப் புள்ளி சொல்லிக்கொடுத்துவிட்டு, “புரிந்ததா மாணவர்களே?” என்று கேட்பார். மூன்று எண்ணுகிற நேரம் விடுவார். “மிக நன்று” என்பார். அந்த மூன்று எண்ணுகிற நேரத்துக்குள் அந்தப் பிள்ளை ஒருநாள் எழுந்து நின்று, “புரியல டீச்சர்” என்று கத்தினாள். “மிக நன்று” என்றது டி.வி. அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. நான் தமிழ் எம்.ஏ., தசமப் புள்ளியை எனக்குத் தெரிந்தமட்டும் சொல்லிப்பார்த்தேன். அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் முழுசாக வரவில்லை.

2021 நவம்பரில் சின்ன வகுப்புகளைத் திறந்தபோது அவள் எட்டாவது. முதல் வாரம் முடிந்து ஒரு சாயங்காலம் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“சாரு எப்படிடி?”

“நோட்ட கையில வாங்கமாட்டாருக்கா. மேசையில வைக்கச் சொல்லுவாரு. திருத்திட்டு மேசையிலயே வைப்பாரு, நாம எடுத்துக்கணும்.”

“எல்லாருக்குமா?”

பதில் சொல்லவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டினாள். ஒன்பது கணக்கில் ஏழு சரி. ஆறாவது கணக்கில் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்திருந்தது. அதைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் சரியான இடத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தார். அவள் அந்தச் சிவப்புப் புள்ளி மேல் விரலை வைத்துக்கொண்டு, “இங்கதாங்கா எனக்குத் தப்பாப் போயிக்கிட்டு இருந்துச்சி” என்றாள்.