எண்ணெய்மேல் எண்ணெய்

காசிமேடு. விசைப்படகுகளின் இடுக்கில் டீசல் படலம் மிதக்கிறது. ஓரம் நீலம், உள்ளே செம்மை. தண்ணீர் அசைய அசைய நிறம் விலகுகிறது.

அச்சுக்கலைஞர் கிருஷ்ணா ரெட்டியின் நினைவு வருகிறது.

பிறப்பு 1925. சித்தூர்ப் பக்கத்துக் கிராமம். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் படிப்பு. பிறகு இதே சென்னை, கலாக்ஷேத்திராவில் ஓவிய ஆசிரியர். அப்புறம் லண்டன். அப்புறம் பாரிஸ்.

பாரிஸில் ஹேட்டரின் அச்சுப் பட்டறை. பெயர் அட்லியே 17. ஹேட்டர், கைகோ மோட்டி, ரெட்டி. ஒரே தகட்டில் பல நிறம் அச்சிடும் வழியைச் சேர்ந்து தேடுகிறார்கள்.

துத்தநாகத் தகடு. ரெட்டி சிற்பியும்கூட. மேடு, பள்ளம், பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம் என்று குடைந்துகொண்டே போகிறார்.

கடின உருளையில் இளகிய மை. மேட்டை மட்டும் தொட்டுப் போகிறது.

மெத்தென்ற உருளையில் இறுகிய மை. பள்ளம்வரை இறங்குகிறது. இளகியது இருக்கும் இடத்தில் இறுகியது ஒட்டுவதில்லை.

இரண்டு மைக்கும் நடுவே கொஞ்சம் ஆளிவிதை எண்ணெய். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே தகடு. ஒரே தாள். அழுத்துவது ஒருமுறை. எல்லா நிறமும் வந்துவிடுகிறது.

நிறத்துக்கு ஒரு தகடு செதுக்கிய கைகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்.

அவர் அச்சிட்ட ‘நீர்ச்சுழல்’, 1963. நடுவைத் தேடுகிறேன். கண் நிற்கவில்லை.

‘மீன்’, 1952. இங்கே ஏலக்கூடத்தில் ஒரு பெட்டி சங்கரா. ஐஸ் உருகி வடிகிறது. செதிலின் சிவப்பு, திரும்பும்போது வெள்ளி. மறுபடி சிவப்பு.

திருவொற்றியூர். கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல். அலை இடுக்கில் புகுகிறது, பிரிகிறது. சத்தம் தாமதமாக வருகிறது.

எண்ணூர். 2017 ஜனவரி 28. கப்பல்கள் இரண்டு மோதிக்கொள்கின்றன. கரையோரம் கறுப்புக் குழம்பு. வாளியால் அள்ளுகிறார்கள். எண்ணெயின் இறுக்கம் அந்தக் கைகளுக்குத் தெரியும்.

அவருடைய மையையும் இந்தக் குழம்பையும் பக்கத்தில் வைக்க மனம் கூசுகிறது. வைக்காமலும் இருக்க முடியவில்லை.

1968. பாரிஸ் தெருவில் மாணவர்கள். ரெட்டியின் தகட்டில் ‘ஆர்ப்பாட்டக்காரர்கள்’. நிமிர்ந்த உருவங்கள், நெருக்கமாக.

மகளோடு சர்க்கஸுக்குப் போகிறார். கோமாளி வருகிறான். அதன்பின் வருஷக்கணக்கில் தகட்டில் கோமாளி.

1976 முதல் நியூயார்க். அங்கேயும் வகுப்பு, உருளை, மை.

கண்டுபிடித்ததைப் பூட்டி வைக்கவில்லை. இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1988இல் செய்முறை முழுவதும் புத்தகமாகிறது. தகடு எவ்வளவு ஆழம், உருளை எவ்வளவு மென்மை, மைக்கு எண்ணெய் எவ்வளவு.