கொடையா அடைக்கலமா: ஆய்வு மாதிரிகளும் எதிர்கால இசைவும்

மைசூரு ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934ஆம் ஆண்டு முதல் பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச்சுற்றளவு ஆகியன பேறுகாலப் பதிவேடுகளில் குறித்து வைக்கப்பெற்றன. பல்லாண்டுகளுக்குப் பின் அக்குறிப்புகள் வேறொரு வினாவிற்கு விடையளித்தன. 1934க்கும் 1954க்கும் இடையே அங்குப் பிறந்து, அம்மருத்துவமனையை அண்டியே வாழ்ந்துவந்த 517 பேரை ஆராய்ந்த குழுவினர், பிறப்பெடை குறைந்தோரிடம் இதயத் தமனி நோய் மிகுந்திருத்தலை 1996இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். குழந்தையை நிறுக்கத் தந்த தாயர் இதனை எவ்வாறு அறிந்திருத்தல் இயலும்? ஆய்வுக்கு இசைவு கேட்கும் வழக்கம் உலகில் அன்று நிலைபெறவில்லை. நியூரம்பர்க் நெறி 1947இலும் ஹெல்சிங்கி அறிவிப்பு 1964இலும் தோன்றியவை.

அதே மருத்துவமனையில் 1997-98இல் கருவுற்ற மகளிரைக் கொண்டு 'பார்த்தினன் ஆய்வு' தொடங்கப்பெற்றது. சேமித்து வைத்த தாயரின் இரத்த நீர்மத்தில் பின்னாளில் பி12 உயிர்ச்சத்து அளவிடப்பட்டது. அதன் குறைவிற்கும் பேறுகால நீரிழிவிற்கும் உள்ள தொடர்பு 2009இல் வெளியாயிற்று. இவ்வாய்வுகளின் பயனை ஐயுறுதற்கு இடமில்லை. ஆயினும் பொதுவாக எழும் வினா ஒன்றுண்டு. 'அறிந்து இசைதல்' என்பதில் அறிதல் முதற்படி. இன்னும் எழாத வினாவை அறிந்து அதற்கு இசைதல் யார்க்கும் ஒல்லாது. வருங்கால ஆய்வு அனைத்திற்கும் சேர்த்துப் பெறும் கையொப்பத்தை இசைவு என்பதினும் ஒப்படைப்பு என்பதே பொருந்தும்.

ஒப்படைப்பிலும் இருவகையுண்டு. கொடையாயின் கொடுத்தவர்க்குப் பின் உரிமையில்லை. அடைக்கலமாயின் பொறுப்பு பெற்றவரிடமே தங்குகிறது. சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகளிடமிருந்து கண்ணகியை அடைக்கலமாக ஏற்ற மாதரி, தான் முன்னறியவியலாத, தான் இழைக்காத தீங்கிற்காகவே எரிபுகுந்தாள். இரத்தக் குழாயைக் கண்ணகியொடு ஒப்பிடுதல் மிகையெனத் தோன்றலாம். எனினும் அடைக்கலக் காதையில் கண்ணகியின் இசைவு கேட்கப்பெற்றதாகக் காப்பியம் கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. பெற்றோர் இசைவில் ஆய்வுக்குள் வந்த குழந்தையின் நிலையும் அத்தகையதே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், அக்குழந்தை 18 வயது நிறைந்தபின் மீண்டும் இசைவு பெறுமாறு கூறுகின்றன. அடைக்கலக் கோட்பாட்டிற்கு இவ்விதி நெருங்கியது. ஒவ்வொரு புதிய வினாவிற்கும் கொடுத்தவரைத் தேடிச் செல்வதெனின், இறந்தோர், இடம்பெயர்ந்தோர் குறித்த ஆய்வுகள் நின்றுவிடுமே என்னும் மறுப்பு வலியது. நெறிக்குழு இசைவுத் தேவையினின்று விலக்களிக்கலாம். அவ்விலக்கு கேட்கும் கடனை நீக்குமேயன்றிக் காக்கும் கடனை நீக்காது; கேட்க இயலாதவிடத்துக் காப்பவர் கடன் மிகும் எனல் வேண்டும்.

களப்பணியில் நாட்டார் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்துவந்த தமிழ்த்துறைகளுக்கும் இவ்வினா அயலன்று. பட்ட ஆய்வுக்கெனக் கேட்டுப் பெற்ற ஒப்பாரி, பாடியவர் மறைந்தபின் கணினிக்கான பேச்சுத்தரவாக மாற்றப்படுமாயின் யாரிடம் கேட்பது? அவர் மகள் அவ்வூரிலேயே இருத்தல் கூடும்.