கம்பும் ரேஷன் அரிசியும்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் வழியில் வேப்பமரத்தடியில் கம்பங்கூழ் விற்கும் அக்கா ஒருவரிடம் போன சித்திரையில் கேட்டேன்: "வீட்லயும் கம்புதானாக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "அட போங்க தம்பி. வீட்ல ரேஷன் அரிசிதான். கம்பு விக்கிற விலைக்கு நாங்க எங்க போக?"

அந்தச் சிரிப்பு உறைத்தது. அவரவர் மண்ணில் விளைவதை உண்பதே அறம் என்று நண்பர்களிடம் நிறையப் பேசியிருக்கிறேன். அதைக் காய்ச்சி விற்பவருக்கே வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்றால் அது யாருடைய அறம்?

குளிர்நாடுகளில் இப்படிப் பேசுகிறவர்களுக்குப் பனிக்காலம்தான் சோதனை. கோடையில் விளைந்ததை உலர்த்தியும் ஊறவைத்தும் அதைக் கடக்க வேண்டும். நமக்குக் கோடையே சோதனை. ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த ஈரத்தில் விளைந்த கம்பையும் சோளத்தையும் குதிரைவாலியையும் குலுக்கையில் சேர்த்துத்தான் மிச்ச மாதங்களை ஓட்டினார்கள்.

அதே வறட்சிதான் தீப்பெட்டியையும் பட்டாசையும் இங்கே வளர்த்தது. 1920களில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். காய்ந்த காற்று தொழிலுக்கு உதவியது. மழையை நம்பி ஓய்ந்த குடும்பங்கள் ஆள் கொடுத்தன. புரட்டாசியில் விதைத்தால் ஐப்பசியில் களையெடுக்க வேண்டும். தீபாவளிக்கான பட்டாசு வேலை மும்முரமாக நடப்பதும் அதையொட்டித்தான். வெடித்தால் உயிர் போகும் என்று தெரிந்தும் வாரக்கூலி தரும் இடத்துக்கே ஆள் போகும். அதைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

ரேஷன் அரிசியையும் நான் குறைசொன்னதுண்டு. 2011 ஜூனிலிருந்து அது விலையில்லாமல் கிடைப்பதால்தான் சிறுதானியம் அழிந்தது என்பேன். அதையும் அக்காவிடம் சொன்னேன்.

"குதிரைவாலிய உமி போக இடிச்சுப் பாத்திருக்கீங்களா தம்பி? எங்கம்மா விடியுமுன்ன எந்திரிச்சு இடிக்கும். நீங்க ருசிங்கறது அதுக்குக் கைக்காய்ப்பு."

அரிசி வந்து அந்தத் தோள்களுக்கு ஓய்வு கொடுத்தது. விரும்பி உண்பவரின் கம்பும் வேறு வழியில்லாமல் உண்டவரின் கம்பும் ஒரே தானியம்தான், ஒரே உணவில்லை.

அதற்காகக் கம்பை விட்டுவிட முடியாது. இந்தக் கரிசல் அதிகம் கேட்காமல் தருவது அதைத்தான். ஆனால் 'நான் என்ன உண்கிறேன்' என்பதோடு கேள்வி முடிந்துவிடக் கூடாது. விளைவித்தவர் வீட்டு உலையில் என்ன கொதிக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் அது அறம் பற்றிய கேள்வி. உமி நீக்கும் எந்திரம் ஊருக்குள் வர வேண்டும். விதைக்கும் முன்பே விலை தெரிய வேண்டும். 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த ஆண்டு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். குளிர்ந்த மலைக்கு அது முடியுமென்றால் கரிசலுக்குக் கம்பு ஏன் முடியாது?

நான் கிளம்பும்போது மணி இரண்டு. கூழ்ப்பானையை மூடிவிட்டு அக்கா தன் தூக்குச்சட்டியைத் திறந்தார். வெள்ளைச் சோறு, கொஞ்சம் ஊறுகாய்.